வனமாலாவைக் கூப்பிடவும்

ஞாயிறு சாயங்காலம் ஊறப்போட்ட அவரைக்கொட்டையை வனமாலா திங்கட்கிழமை காலையில் பிதுக்கிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு கிண்ணத்தில் போய் விழும். சில பருப்பு குறிதப்பி அடுப்பு மேடைக்கு அடியில் ஓடி ஒளியும். மார்கழிக் குளிரில் மைசூரில் எந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாலும் இந்த வேலைதான். நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து, அடுத்த வீட்டுக் கதையை அலசிக்கொண்டே செய்வது. தனி ஆளாகச் செய்தால் கைகூட அவ்வளவு வலிக்காது. வாய்தான் வலிக்கும், மூடியே இருப்பதால்.

ஒருத்திக்கு இவ்வளவு பருப்பு எதற்கு என்று கேட்க ஆளில்லை. சாமராஜபுரத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் இரண்டு அறை, ஒரு சமையலறை. அப்பா போன வருஷத்துக்கு முந்தின வருஷம் போனார். அவர் இருந்தவரைக்கும் அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே கல்யாணம் செய்துகொள்ளாததற்குப் போதுமான பதிலாக இருந்தது. இப்போது வயது ஐம்பதை நெருங்கிவிட்டதால் அந்தக் கேள்வியே நின்றுவிட்டது. தாவணகெரேயில் தம்பி இருக்கிறான். கௌரி பண்டிகைக்குக் கூப்பிட்டு, "வந்து பத்து நாள் இரேன்க்கா" என்பான். பின்னாலிருந்து அவன் மனைவி, "எப்ப வேணா வாங்க அண்ணி" என்பாள். எப்போது என்று இரண்டு பேருமே சொன்னதில்லை.

திங்கட்கிழமை மட்டும் ஆபீஸ். அதனால்தான் இந்தப் பருப்பு. ஆபீஸ் மொத்தத்துக்கும் குழம்பு கொண்டுவரச் சொல்லி அவளிடம் யாரும் கேட்கவில்லை. கொண்டுபோனால் யாரும் வேண்டாம் என்றதும் இல்லை.

குவெம்புநகரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். முதலாளி சுதீந்திரா கல்யாணச் சத்திரங்களுக்கு மென்பொருள் செய்து விற்றார். எந்த முகூர்த்தத்துக்கு எந்தக் குடும்பம், சமையல்காரர் யார், வாடகைக்குப் போன அண்டாவில் எத்தனை திரும்பி வந்தது, எல்லாம் அதில் வந்துவிடும். நஞ்சன்கூடு, மண்டியா வரைக்கும் அவருக்குச் சத்திரங்கள் உண்டு. வனமாலா அங்கே டைப்படிக்கச் சேர்ந்தவள். பக்கத்து மேஜைக்காரர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் எல்லோரும் பெங்களூருக்குப் போய்விட, அவள் மட்டும் தங்கிவிட்டாள்.

ஆள் கூடக்கூட, எழுதியதையெல்லாம் ஒரே இடத்தில் போட்டுவைக்க கிட் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். எல்லோருக்கும் பொதுவான பரண் மாதிரி. யார் எதை எப்போது மாற்றினார்கள் என்பது அதில் அப்படியே நிற்கும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஆசாரம் அதிகம். முதலில் பரணில் இருப்பதை இறக்கு, பிறகு உன்னுடையதைச் சேர், என்ன செய்தாய் என்று குறிப்பு எழுது, அப்புறம் ஏற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளை. வரிசை பிசகினால் திரை முழுக்கச் சிவப்பெழுத்தில் வையும்.

அப்படி வையும்போதெல்லாம் ஒரு குரல் வரும்: "வனமாலாக்கா, சிக்கிக்கிச்சு!"

அவள் எழுந்து போவாள். இல்லாவிட்டால் அவர்கள் மடிக்கணினியோடு வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்காருவார்கள். சிக்கை எடுக்க ஐந்து நிமிஷம் ஆகும். உட்கார்ந்தவர் எழுந்து போக அரை மணி ஆகும். ரெஹானாவின் மாமியார் மிக்ஸியில் அரைத்த சட்னியைத் தொடமாட்டார் என்பதும், குஷாலப்பாவுக்கு மடிகேரியில் பெண் பார்த்திருப்பதும் அப்படித்தான் அவளுக்குத் தெரிய வந்தது.

பிறகு ஒருநாள் ரெஹானா பயந்துபோய், இணையத்தில் யாரோ எழுதியிருந்த கட்டளையை அப்படியே அடித்து, பல நாள் உட்கார்ந்து செய்த பாத்திர வாடகைப் பகுதியைத் தானே துடைத்துவிட்டாள். பாத்ரூமில் போய் அழுதாள். வனமாலாவால் எதையும் மீட்க முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வனமாலா பல கட்டளைகளை ஒன்றாகக் கோத்து ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினாள். அதில் இரண்டே சொல். "தகோ" என்று அடித்தால் மற்றவர்கள் செய்தது உன்னிடம் வந்துசேரும். "கொடு" என்று அடித்தால் நீ செய்தது அங்கே போய்ச்சேரும். நடுவிலுள்ள ஆசாரம் அத்தனையையும் அதுவே முறை தவறாமல் பார்த்துக்கொள்ளும். தகோ என்றால் கன்னடத்தில் எடுத்துக்கொள். இரண்டும் அங்கே கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த சொற்கள்.

ஒரே இடத்தில் மட்டும் அது நின்றது. ஒரே வரியை இரண்டு பேர் இரண்டு விதமாக மாற்றியிருந்தால் யார் பக்கம் போவதென்று அதற்குத் தெரியாது. அப்போது செய்த வேலையைப் பத்திரமாக ஒதுக்கிவைத்துவிட்டு, திரையில் ஒரு வரி காட்டும்: "நிறுத்தவும். வனமாலாவைக் கூப்பிடவும்."

எழுதும்போது அவள் அதைப் பெரிதாக யோசிக்கவில்லை. வேறு யாரைக் கூப்பிடச் சொல்வது?

ஆபீசில் எல்லோருக்கும் ஒரே கொண்டாட்டம். சுதீந்திரா மைசூர்பாகு வாங்கிக்கொடுத்தார். முதல் வாரம் வனமாலாவுக்கும் சுகமாகத்தான் இருந்தது. வேலையை முடித்துவிட்டு நேரத்துக்குக் கிளம்பினாள். அடுத்த வாரம், பக்கத்து நாற்காலியில் தன் கைப்பையை வைத்திருப்பதை அவளே பார்த்தாள். யாரும் உட்காராத நாற்காலியில் பை இருந்தால் யாருக்கு என்ன? அந்தக் கடைசிச் சிக்கையும் அவரவரே எடுத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது என்று அவளுக்குக் கொஞ்ச நாளில் பிடிபட்டது. அவ்வளவு பெரிய வேலையும் இல்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினாள். அந்த நாளையை வருஷக்கணக்கில் அவள் வரவிடவேயில்லை.

போன ஆடியில் கட்டடத்துச் சொந்தக்காரர் பாதி மாடியைத் திருப்பிக் கேட்டார். சுதீந்திரா எல்லோரையும் உட்காரவைத்து, "திங்கக்கிழமை மட்டும் வந்தாப் போதும். மத்த நாள் வீட்லேந்தே பண்ணுங்க. நம்ம வனமாலா மேடம் புண்ணியத்துல கொடு, தகோன்னு ரெண்டு வார்த்தைல முடியுது. இதுக்கு எதுக்கு தினமும் பஸ் ஏறணும்?" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். வனமாலாவும் தட்டினாள்.

செவ்வாயிலிருந்து அவள் வீட்டில் ஓசை என்றால் குக்கர் ஓசைதான். எப்போதாவது ஃபோன் அடிக்கும். "அக்கா, உங்களைக் கூப்பிடச் சொல்லுது" என்று ஆரம்பிப்பார்கள். அவள் தன் திரையில் அவர்கள் திரையைப் பார்த்தபடி சிக்கை எடுப்பாள். ரெஹானா வீட்டில் அம்மிச் சத்தம் கேட்கும், மாமியார் ஜெயித்துவிட்டார் என்று புரிந்துகொள்வாள். குஷாலப்பாவின் குழந்தை பக்கத்தில் வந்து ஃபோனை நக்கும். வேலை முடிந்த பிறகும் வனமாலா, "இரு, எதுக்கும் இன்னொரு தடவ பாத்துடறேன்" என்பாள். பார்க்க ஒன்றும் இருக்காது.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் எல்லோரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பிதுக்கம்பருப்புக் குழம்பின் வாசனைக்கே குஷாலப்பா மூடியைத் திறந்துவிட்டான்.

"அக்கா, எங்க குடகுல இந்தக் குழம்புல பன்னிக்கறி போடலைன்னா மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுடுவான்."

சுதீந்திரா வைதீகர். "சாப்பிடற நேரத்துல அந்தப் பேர எடுக்காதப்பா" என்றார்.

"பேரத்தான் சார் எடுத்தேன். தட்டுல எடுக்கலியே."

ரெஹானா புரையேறச் சிரித்தாள். வனமாலா அவள் தலையில் தட்டினாள். சாப்பாடு முடியும்வரை அந்த அறை நிறைந்திருந்தது.

கையைக் கழுவிவிட்டு வந்த குஷாலப்பா, "அக்கா, உங்களுக்கு ஒரு விடுதலை வாங்கி வெச்சிருக்கேன்" என்றான்.

"எனக்கா? நான் எந்த ஜெயில்ல இருக்கேன்?"

"ஃபோன் ஜெயில்ல. இங்க பாருங்க."

மடிக்கணினியைத் திருப்பிவைத்தான். அவளுடைய ஸ்கிரிப்டில் அவன் கைவைத்திருந்தான். இரண்டு பேர் ஒரே வரியை மாற்றியிருந்தால் இப்போது அது நிற்கவில்லை. இரண்டு வரிகளையும் பக்கம்பக்கமாகக் காட்டி, உன்னுடையது வேண்டுமென்றால் ஒன்று, அவருடையது வேண்டுமென்றால் இரண்டு, இரண்டும் வேண்டுமென்றால் மூன்று என்று கேட்டது. எதை அழுத்தினாலும் பழையது ஒரு பிரதி தனியாக இருக்கும். வனமாலாவைக் கூப்பிடவும் என்ற வரி அதில் இல்லை.

"அப்பாடா!" என்றாள் ரெஹானா. "போன வாரம் ரெண்டு தடவ கூப்பிட்டு எனக்கே வெக்கமாப் போச்சு. ஒரு தடவ அக்கா குளிச்சிட்டிருந்தாங்க போல, மூச்சு வாங்கிச்சு."

ஃபோன் சத்தம் கேட்டதும் ஈரத்தலையோடு ஓடிவந்தது வனமாலாவுக்கு நினைவு வந்தது. "சேச்சே, நான் சும்மாத்தான் இருந்தேன்" என்றாள்.

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க."

சுதீந்திரா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "நல்லா இருக்குப்பா. ஆனா ஸ்கிரிப்ட் அவங்களோடது. அவங்க பாத்து சரின்னு ஒப்புதல் குடுத்தாத்தான் உள்ள போகும். மேடம், சங்கராந்தி தாண்டிட்டா முகூர்த்தம் ஆரம்பிச்சுடும், அப்புறம் எதையும் தொடக்கூடாது. அடுத்த திங்கக்கிழமைக்குள்ள பாத்துடுங்க. வேண்டாம்னு தோணிச்சுன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா சரி."

"பாக்கறேன் சார்."

வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அந்த ஒரு வாசகம் அவளுக்குத் துணையாக வந்தது. அவள் சொன்னால் சரி. யாரும் காரணம்கூடக் கேட்கமாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை ஃபோன் அடிக்கவில்லை. புதன்கிழமை ரெஹானா கூப்பிட்டாள்.

"அக்கா, மறுபடி சிக்கிக்கிச்சு. சாரி."

"எதுக்கு சாரி? திரையக் காட்டு. இதுவா? நீ விளக்கு வாடகைய மாத்திருக்க, குஷாலப்பாவும் அதையே மாத்திருக்கான். உன்னோடது இருக்கட்டும், இல்லியா? முடிஞ்சுது. சின்னவனுக்கு ஜுரம்னியே, எப்படி இருக்கான்?"

"ஸ்கூலுக்குப் போயிட்டான். இருங்க, யாரோ பெல் அடிக்கறாங்க. அக்கா, இதான் கடைசி தடவ. இனிமே உங்கள இப்படிப் படுத்தமாட்டோம்."

"எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல ரெஹானா. நெஜமாத்தான் சொல்றேன்."

எதிர்முனையில் கதவு திறந்து, யாரோ பேசி, சிரித்து, பேச்சு நீண்டுகொண்டே போனது. ரெஹானா ஃபோனை வைக்க மறந்திருந்தாள். வனமாலா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, அடுத்த வீட்டுச் சன்னலில் எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கவே, தானே துண்டித்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் குஷாலப்பாவின் வேலையைச் சோதிக்க உட்கார்ந்தாள். தன் கணினியில் இரண்டு கோப்புறை திறந்து, ஒன்றுக்கு ரெஹானா என்றும் இன்னொன்றுக்குக் குஷாலப்பா என்றும் பெயர் வைத்தாள். ரெஹானாவாக இருந்து அண்டா வாடகையை ஏற்றினாள். குஷாலப்பாவாக இருந்து இறக்கினாள். ஒன்று அழுத்தினாள், இரண்டு அழுத்தினாள், மூன்று அழுத்தினாள். இரண்டு பேருக்காகவும் அவள் ஒருத்தியே சண்டை போட்டாள், அவளே சமாதானமும் செய்தாள். எல்லாம் ஒழுங்காக நடந்தது.

அது உடைய வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. இதை அவள் தனக்குள் மறைக்கவில்லை. பாதியில் இணையத்தை அணைத்துப் பார்த்தாள். இணைப்பு வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. எண்ணுக்குப் பதிலாக எழுத்தை அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்றில் ஒன்றைத் தரவும் என்று பொறுமையாகச் சொன்னது. கடைசியாக, கோப்புக்குக் கன்னட எழுத்தில், நடுவில் இடம் விட்டுப் பெயர் வைத்தாள். அவளுடைய பழைய ஸ்கிரிப்டே ஒருகாலத்தில் அங்கே தடுக்கி விழுந்ததுண்டு. இது விழவில்லை. பயல் அதையும் யோசித்திருக்கிறான். அவள் எழுதியதைவிட அவன் எழுதியது நன்றாக இருந்தது. ஒரு கணம் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அதைச் சொல்லத்தான் பக்கத்தில் ஆளில்லை.

அதைச் சொல்லலாம் என்றே அவனுக்கு ஃபோன் செய்தாள். அவன் மனைவி எடுத்தாள்.

"அவரு குழந்தையத் தூக்கிக்கிட்டு பார்க்குக்குப் போயிருக்காருங்க. ஃபோன வெச்சுட்டுப் போயிட்டாரு. ஏதாவது சிக்கிக்கிச்சா?"

அந்த வீட்டில் அவள் பெயருக்கு அதுதான் அர்த்தம் போலிருக்கிறது. "இல்லம்மா, ஒண்ணும் சிக்கல. சும்மாத்தான் கூப்பிட்டேன்" என்றாள் வனமாலா.

"சும்மாவா?" என்று அந்தப் பெண் ஒரு நொடி குழம்பினாள். "சரிங்க, வந்ததும் சொல்றேன்."

அன்று சாயங்காலம் குஷாலப்பாவிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: "அக்கா, ஆபீஸ் விஷயம்தானே? திங்கக்கிழமை பேசிக்கலாமா?"

பேசிக்கொள்ளலாம் என்று பதில் அனுப்பினாள். சும்மா கூப்பிட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்துவிட்டது. சிக்கினால்தான் அவர்கள் வருவார்கள், அவளும் போக முடியும். இத்தனை வருஷத்தில் அவர்கள் நடுவே வேறு பாதை போடவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கடைக்காரரிடம் சாமான் தீர்ந்தால்தானே போகிறோம்?

திங்கட்கிழமை சுதீந்திரா நேரே விஷயத்துக்கு வந்தார். "என்ன மேடம், பாத்தீங்களா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு சொல்தான். பஸ் முழுக்க அதை ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தாள். இது ஆபத்து, அவசரத்தில் ஒருவர் இன்னொருவர் வேலையைத் தள்ளிவிடுவார், பழையபடியே இருக்கட்டும். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பழைய பிரதி தனியே இருக்கும்படி செய்துவைத்திருந்த குஷாலப்பா, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"நல்லா பண்ணிருக்கான் சார். நான் எல்லாம் சோதிச்சுட்டேன். ஒரே ஒண்ணு." அவள் குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது. "ஒண்ணு, ரெண்டு, மூணு இருக்குல்ல? நாலாவதா, வனமாலாவைக் கூப்பிடவும்னு ஒண்ணு போட்டுடலாமா? எதுக்கும்."

குஷாலப்பா வாய்விட்டுச் சிரித்தான். "போடறேன் அக்கா, அதுக்கென்ன. ஆனா யாரு அழுத்துவாங்க? வாசல்லயே மூணு வழி இருக்கறப்ப யாராவது கொல்லைப்புறமா சுத்தி வருவாங்களா?"

"நான் சத்தியமா அழுத்தமாட்டேன்" என்றாள் ரெஹானா. "ஒண்ணு அழுத்திட்டுப் போயிட்டே இருப்பேன். அக்காவப் பாடாப் படுத்தினது போதும்."

சுதீந்திரா சிரிக்கவில்லை. அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டார். நாற்காலியை இழுத்துப்போட்டு, மெதுவான குரலில், "மேடம், உங்க வேலைக்கு இதனால ஒண்ணும் ஆகாது. அப்படியெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. இத்தன நாள் எல்லாரும் உங்க நேரத்தத் தின்னோம். இனிமே உங்க வேலைய நீங்க நிம்மதியா பாக்கலாம். யாரும் தொந்தரவு பண்ணமாட்டாங்க" என்றார்.

அவர் சொன்னதெல்லாம் நல்ல மனதோடு சொன்னது.

"நாலு வேண்டாம் குஷாலப்பா" என்றாள் வனமாலா. "இருக்கறபடியே போகட்டும்."

தன் கணினியைத் திறந்து ஒப்புதல் பொத்தானை அழுத்தினாள். எல்லோரும் "தகோ" என்று அடித்தார்கள். ஒவ்வொரு திரையிலும் புதிய ஸ்கிரிப்ட் வந்து இறங்கியது. ரெஹானாவும் குஷாலப்பாவும் வேண்டுமென்றே ஒரே வரியை மாற்றி, பொய்ச்சண்டை போட்டுப் பார்த்தார்கள். ரெஹானா ஒன்றை அழுத்தினாள். "ஜெயிச்சேன்!" என்று அவள் கத்தியது மருந்துக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். வனமாலா தன் மேஜையில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் எதுவும் சிக்கவில்லை.

சாயங்காலம் ரெஹானா பிள்ளையை அழைத்துவரச் சீக்கிரமே கிளம்பினாள். சுதீந்திரா ஒரு சத்திரத்துக்காரரைப் பார்க்கப் போனார். குஷாலப்பா மட்டும் பழைய ஸ்கிரிப்டையும் புதியதையும் திரையில் பக்கம்பக்கமாக வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். வனமாலா பையில் டப்பாக்களை எடுத்துவைத்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கேளேன்."

"மத்த எல்லா எடத்துலயும் எவ்ளோ யோசிச்சு எழுதிருக்கீங்க. கரண்ட் போனா என்ன பண்றது, இணையம் போனா என்ன பண்றதுன்னு ஒவ்வொண்ணுக்கும் வழி வெச்சிருக்கீங்க. இந்த ஒரு எடத்துல மட்டும் நிறுத்தவும்னு போட்டுட்டு விட்டுட்டீங்க. எனக்கே ஒரு சாயங்கால வேலைதான். நீங்கன்னா அரை மணில முடிச்சிருப்பீங்க." அவன் இப்போது நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தான். கிண்டல் ஏதும் இல்லை அதில். உண்மையிலேயே கற்றுக்கொள்ளக் கேட்டான். "ஏதோ காரணம் இருக்கணும்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன், புரியல. இத்தன வருஷம் ஏன் அப்படியே வெச்சிருந்தீங்க?"

வனமாலா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அது பாதியில் மாட்டிக்கொண்டது. பின்னால் தள்ளி, மறுபடி இழுத்து மூடினாள்.

"அக்கா?"

அவள் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.